அப்சிந்த்: ஆபத்து அதன் சாராயத்தில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மது வகைகள் பற்றி வந்த கட்டுரையில் அப்சிந்துக்கு ஒரு பத்தி இருந்தது. குடித்தால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், உலகமெங்கும் தடை செய்யப்பட்ட பானம், சர்க்கரைக் கட்டியைக் கொளுத்திக் குடிப்பதுதான் முறை என்று மூன்று செய்திகள் அதில் இருந்தன. மூன்றும் தவறு. இவற்றை நம்பி வெர்ம்வுட் எண்ணெயைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர் உண்டு. எரியும் கிளாஸில் பாட்டிலைச் சாய்த்துத் தீக்காயம் பட்டவர்கள் உண்டு. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அப்சிந்த் மூலிகைகளை ஊறவைத்து வடித்த சாராயம். மூலிகைகளில் மூன்று இல்லாமல் அப்சிந்த் இல்லை: வெர்ம்வுட், அனீஸ் விதை, பெருஞ்சீரகம். வெர்ம்வுட்டின் தாவரவியல் பெயர் ஆர்ட்டிமிசியா அப்சிந்தியம். மரிக்கொழுந்தும் மாசிப்பத்திரியும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை. பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது அனீஸும் பெருஞ்சீரகமும்தான். வெர்ம்வுட் பின்னால் நின்று ஒரு மெல்லிய கசப்பையும் மலைச்செடி வாசனையையும் தரும். ஆல்கஹால் அளவு பொதுவாக 45 முதல் 74 சதவீதம் வரை. இந்தக் கடைசி எண்ணை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்சிந்த் பற்றிய கவலைகளில் நியாயமானவை பெரும்பாலும் அதிலிருந்து வருபவைதான்.

பழி சுமப்பதோ தூஜோன். வெர்ம்வுட் எண்ணெயில் உள்ள வேதிப்பொருள் இது; சமையலுக்கும் தேநீருக்கும் பயன்படும் சேஜ் இலையிலும் இருக்கிறது. மூளையில் நரம்புத் துடிப்பை அடக்கி வைக்கும் காபா-ஏ ஏற்பிகளைத் தூஜோன் தடுக்கிறது என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடக்கும் வேலை நின்றால் நரம்புகள் கட்டுமீறித் துடிக்கும். அளவு கூடினால் வலிப்பு வரும். அதாவது, தூஜோன் அதிகமானால் வருவது வலிப்பு. கற்பனைக் காட்சிகள் அல்ல. கஞ்சாவில் உள்ள பொருளைப் போலவே தூஜோனும் வேலை செய்கிறது என்று 1975-இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. இரண்டின் மூலக்கூறு வடிவத்திலும் ஒற்றுமை இருக்கிறது என்பதுதான் அதற்கு ஆதாரம். 1999-இல் கஞ்சா ஏற்பிகளில் நேரடியாகச் சோதித்துப் பார்த்தபோது அந்தக் கருத்து நிற்கவில்லை. ஆனாலும் பத்திரிகைகளில் இன்றுவரை அது உலவுகிறது.

'அந்தக் காலத்து அப்சிந்தில் தூஜோன் எக்கச்சக்கம், இப்போது கிடைப்பது தண்ணீர்' என்று இன்னொரு பேச்சும் உண்டு. பழைய அப்சிந்தில் லிட்டருக்கு 260 மில்லிகிராம் தூஜோன் இருந்திருக்கும் என்று 1980-களில் காகிதத்தில் போட்ட கணக்கு அதற்குக் காரணம். செடியில் உள்ள எண்ணெய் முழுவதும் பானத்துக்கு வந்து சேரும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது. நடப்பில் அப்படி வருவதில்லை. தடைக்கு முன் அடைத்த 13 பழைய அப்சிந்துகளை ஆய்வகத்தில் அளந்த முடிவுகள் 2008-இல் வெளியாயின. லிட்டருக்கு 0.5 முதல் 48.3 மில்லிகிராம் வரை இருந்தது, சராசரி 25.4. இன்றைய நல்ல அப்சிந்திலும் ஏறக்குறைய இதே அளவைக் காணலாம். அன்று வலுவாக இருந்தது, இன்று நீர்த்துவிட்டது என்பதற்கு ஆதாரமில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆர்ட்டிமிசியா செடிகளிலிருந்து செய்யும் மதுவில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை தூஜோன் இருக்கலாம். 68 சதவீத அப்சிந்த் 30 மில்லியின் எடை சுமார் 27 கிராம். உச்சவரம்பு வரை தூஜோன் இருந்தாலும் அந்த 30 மில்லியில் ஒரு மில்லிகிராம்கூடச் சேராது. 10 மில்லிகிராம் உள்ளே போக வேண்டுமானால் 320 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டும். அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 170 கிராமைத் தாண்டும். அரை லிட்டருக்கும் அதிகமான விஸ்கியை ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம். தூஜோன் ஏதாவது செய்யும் முன்பே சாராயம் ஆளைச் சாய்த்துவிடும். 2004-இல் வெளியான ஒரு சோதனையில், லிட்டருக்கு 100 மில்லிகிராம் தூஜோன் கலந்த பானத்தைக் குடித்தவர்களுக்குக் கவனம் மங்கியது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் கலந்த பானத்தில் அந்த விளைவு தெரியவில்லை. அந்த 100 என்பது சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்படிக் குடித்தவர்களும் தெளிவை இழந்தார்களே தவிர, கூடுதலாக எதையும் பெறவில்லை.

சாராயக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 68 சதவீத அப்சிந்த் 30 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 16 கிராம். 40 சதவீத விஸ்கி 30 மில்லியில் சுமார் 9.5 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம். ஆக, கண்ணளவில் ஒரே மாதிரி தெரிகிற 30 மில்லி அப்சிந்த், 50 மில்லி விஸ்கியின் வேலையைச் செய்கிறது. இது தெரியாமல் வழக்கமாக விஸ்கி ஊற்றும் அளவிலேயே ஊற்றுபவர்கள் இரண்டாவது கிளாஸிலேயே தடுமாறி, 'இதில் ஏதோ மருந்து இருக்கிறது' என்று முடிவு கட்டுகிறார்கள். சர்க்கரையும் குளிர்ந்த தண்ணீரும் சேர்ந்தால் எரிச்சல் தெரியாமல் வேகமாக இறங்கும் என்பது இதில் இன்னொரு கண்ணி. அடுத்த கிளாஸ் ஊற்றும் முன் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் நல்லது. அந்த ஒரு மணி நேரத்தில்கூட உடல் முதல் கிளாஸைச் செலவழித்து முடித்திருக்காது.

அப்படியானால் ஏன் தடை செய்தார்கள்? அப்சிந்த் பிறந்தது சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் மாநிலத்தில், வால்-தெ-திரவேர் பள்ளத்தாக்கில், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1805-இல் பெர்னோ நிறுவனம் எல்லை தாண்டி பிரான்சின் பொந்தார்லியே நகரில் வடிசாலை தொடங்கியது. 1840-களில் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சுப் படையினருக்குக் காய்ச்சல் தடுப்பாகக் கொடுத்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது பழக்கமும் கூடவே வந்தது. பிறகு பிலாக்ஸெரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழிக்க, ஒயின் விலை ஏறியது. மலிவான எரிசாராயத்தில் செய்த அப்சிந்த் அந்த இடத்தைப் பிடித்தது. கெடுதல் நுழைந்ததும் இந்தக் கட்டத்தில்தான். பச்சை நிறத்துக்குச் செப்பு உப்புகள், தண்ணீர் விட்டதும் பால்போல் கலங்குவதற்கு ஆன்டிமனி குளோரைடு, அடிப்படைக்குச் சுத்திகரிக்காத சாராயம் என்று கலப்படம் நடந்தது. அதையும் நாள்பட்ட குடியையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'அப்சிந்த் நோய்' என்று மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மனநல மருத்துவர் வலான்தன் மாஞ்யான் விலங்குகளுக்கு வெர்ம்வுட் எண்ணெயைக் கொடுத்து வலிப்பை உண்டாக்கிக் காட்டினார். அவர் கொடுத்தது செறிந்த எண்ணெய். மக்கள் குடித்ததோ வடித்த சாராயம். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது அந்தக் காலத்து விஞ்ஞானத்தின் பெரும்பிழை.

1905 ஆகஸ்ட் 28-இல் சுவிட்சர்லாந்தின் கொம்யூன்யி கிராமத்தில் ழான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி, கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்த அப்சிந்த் இரண்டு கிளாஸ். லிட்டர் கணக்கில் ஒயினும் அதன்மேல் பிராந்தியும் குடித்திருந்தான். செய்தியில் நின்றது அப்சிந்த் மட்டும். 1908 ஜூலை 5-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் தடையை ஏற்றார்கள். 1910 அக்டோபர் 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1912-இலும், பிரான்ஸ் போர்க்காலத்தில் 1915-இலும் தடை செய்தன. மதுவிலக்கு இயக்கத்தோடு ஒயின் விவசாயிகளும் பிரான்சில் கைகோத்து நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு இது வியாபாரப் போட்டி.

தடை எங்கும் இருந்ததாகத் தங்கள் கட்டுரை சொல்கிறது. பிரிட்டன், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகள் எப்போதுமே தடை செய்யவில்லை. சுவிட்சர்லாந்து 2005 மார்ச் 1-இல் தடையை நீக்கியது. பிரான்சில் 1988-இல் வந்த விதியின் கீழ் தூஜோன் வரம்புக்குள் தயாரிக்க வழி பிறந்தது. ஆனாலும் பாட்டிலில் 'அப்சிந்த்' என்று தனியாகப் போட முடியாமல், 'அப்சிந்த் செடி அடிப்படையிலான மது' என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். 1915 சட்டம் முழுமையாக நீங்கியது 2011-இல். அமெரிக்காவில் 2007 முதல் விற்கலாம். பானத்தில் தூஜோன் 10 பி.பி.எம்.-க்கு (கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு) கீழே இருந்தால் 'தூஜோன் அற்றது' என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே லேபிளுக்கும் கட்டுப்பாடு உண்டு: 'அப்சிந்த்' என்ற சொல்லை மட்டும் வணிகப் பெயராகத் தனியே போட முடியாது, மனம் மயங்குவதைக் காட்டும் படமும் கூடாது. ஐரோப்பாவில் வாங்கிய பாட்டில் அமெரிக்க வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்பதால், பயணிகள் கொண்டுபோகும்போது சுங்கத்தில் மாட்டுவது இங்கேதான்.

விமானப் பயணத்தில் இன்னொரு விதி இருக்கிறது. இதை மறந்து பாட்டிலைப் பறிகொடுப்பவர்கள் அதிகம். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்த மதுவையும் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பையிலும் முடியாது. 24-க்கு மேல் 70 வரை என்றால், கடையில் வாங்கிய மூடிய பாட்டிலாக ஒருவருக்கு 5 லிட்டர் வரை அனுமதி. இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு தனி. 72, 74 சதவீத அப்சிந்தை ஆசையாக வாங்கி விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருவதைவிட, அதே தயாரிப்பாளரின் 65 அல்லது 68 சதவீதப் பாட்டிலை எடுக்கலாம். சுவையில் குறை தெரியாது.

தரத்துக்கு வருகிறேன். வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்சிந்த் என்றால் என்ன என்பதற்குப் பொதுவான சட்ட வரையறை கிடையாது. 2013-இல் வந்த முன்மொழிவை ஐரோப்பிய நாடாளுமன்றம் நிராகரித்தது. அதனால் எரிசாராயத்தில் எசன்ஸும் சாயமும் கலந்து 'அப்சிந்த்' என்று ஒட்டினாலும் தடுக்க வழியில்லை. சுவிட்சர்லாந்தில் வடித்திருக்க வேண்டும், செயற்கைச் சாயம் கூடாது என்று விதி இருக்கிறது. பொந்தார்லியே அப்சிந்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. மற்ற இடங்களில் லேபிளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லேபிளைப் படிக்க, செய்முறை தெரிந்திருந்தால் போதும். 19-ஆம் நூற்றாண்டில் பொந்தார்லியே பாணிக்கு எழுதி வைத்த அளவு இது: உலர்ந்த வெர்ம்வுட் 2.5 கிலோ, அனீஸ் 5 கிலோ, பெருஞ்சீரகம் 5 கிலோ, 85 சதவீதச் சாராயம் 95 லிட்டர். குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, 45 லிட்டர் தண்ணீர் சேர்த்து வடித்து, 95 லிட்டர் எடுப்பார்கள். தண்ணீர் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சாராயம் ஆவியாகிக் குறையக் குறைய மூலிகை பானையின் அடியில் ஒட்டிக் கருகும். அந்தக் கருகல் வாடை வடிதிரவம் முழுக்க ஏறிவிடும். எடுத்து நிறுத்தும் இடமும் முக்கியம். கடைசியில் வடியும் 'வால்' பகுதியை அதிகம் சேர்த்தால் ஈரவைக்கோல் போன்ற கனத்த வாடை தங்கிவிடும். எவ்வளவு நாள் வைத்தாலும் போகாது. வெர்ம்வுட்டின் கடுங்கசப்புக்குக் காரணமான அப்சிந்தின் என்ற பொருள் ஆவியாகி வருவதில்லை, பானையிலேயே தங்கிவிடும். ஆகவே ஒழுங்காக வடித்த அப்சிந்த் வாயைச் சுருக்கும் அளவுக்குக் கசக்கவே கூடாது. கசந்தால், வடிக்காமல் ஊறவைத்தது என்று சந்தேகப்படலாம்.

வடித்து வருவது நிறமற்றது. அப்படியே தண்ணீர் சேர்த்து அடைத்தால் 'பிளான்ஷ்'. சுவிஸ் வழக்கில் 'பிளூ'. பச்சைக்கு இன்னொரு கட்டம் இருக்கிறது. அதே செய்முறையில் வடிதிரவத்தில் 40 லிட்டரைத் தனியே எடுத்து, வெர்ம்வுட்டின் உறவுச் செடியான சிறிய வெர்ம்வுட் 1 கிலோ, நறுமண மூலிகைகளான ஹிஸ்ஸப் 1 கிலோ, மெலிசா இலை 500 கிராம் போட்டு மிதமாகச் சூடாக்கி நிறமேற்றுவார்கள். பிறகு வடிகட்டி, மீதியோடு சேர்த்து, தண்ணீர் விட்டு 74 சதவீதத்தில் 100 லிட்டராக்குவார்கள். இந்தப் பச்சை இலையின் பச்சையம்தான். சூடு அதிகமானால் பச்சையம் சிதைந்து பழுப்பாகும். ஆல்கஹால் குறைந்தால் நிலைக்காது. வெளிச்சம் பட்டால் மங்கும். ஊறும் நேரம் கூடினாலும் கெடுதல்தான். இலையின் துவர்ப்பு இறங்கி நாக்கில் மரத்தூள் மாதிரி நிற்கும். இந்த அளவுகளை வீட்டில் செய்து பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. உரிமமின்றிச் சாராயம் வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம்; மூடிய அறையில் சாராய ஆவி தீப்பிடித்தால் ஓடக்கூட நேரமிருக்காது.

இதை வைத்துப் பாட்டிலைப் பாருங்கள். நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலில், கடை விளக்கின் கீழே மாதக்கணக்கில் நின்றும் பளிச்சென்ற மரகதப் பச்சையா? அது பச்சையமாக இருக்க வழியில்லை. பின்பக்க லேபிளில் ஈ 102, ஈ 131, ஈ 133 என்று ஏதாவது இருக்கும்: டார்ட்ரசின் மஞ்சளும் நீலச் சாயமும் சேர்த்துச் செய்த பச்சை. இயற்கைப் பச்சை சற்று மஞ்சள் சாயலோடு, ஆலிவ் காயின் நிறத்தில் இருக்கும். நாள்பட்டால் உதிர்ந்த இலையின் பழுப்புக்குப் போகும், அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. 50 சதவீதத்தை ஒட்டிய பலத்தில் ஆழ்ந்த பச்சை என்றாலும் யோசிக்க வேண்டும். 'தூஜோன் 35 மில்லிகிராம்' என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் நான் அந்தப் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவேன். சுவையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாதவர்கள்தான் அந்த எண்ணை விற்கிறார்கள். 'வடிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறதா, மூலிகைகளின் பெயர் இருக்கிறதா, யார் எங்கே வடித்தது என்று தெரிகிறதா என்று பார்ப்பது போதும். உலர்ந்த மூலிகைப் பொட்டலம் விற்று 'வோட்காவில் ஊறப்போடுங்கள்' என்று சொல்லும் பொருளை வாங்கவே வேண்டாம். கசப்பு முழுக்க இறங்கும், தூஜோன் எவ்வளவு இறங்கியது என்று அளக்க வழியும் இருக்காது.

குடிக்கும் முறை. 30 மில்லி அப்சிந்த் ஒரு கனமான கிளாஸில். மேலே துளையுள்ள தட்டைக் கரண்டி, அதில் ஒரு சர்க்கரைக் கட்டி. விருப்பமில்லாவிட்டால் சர்க்கரை தேவையே இல்லை, பிளான்ஷ் வகைக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஐஸில் குளிரவைத்த தண்ணீரைக் கட்டியின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஐஸ் கட்டியைக் கிளாஸுக்குள் போடுவது தவறு. உருகுவதைக் கட்டுப்படுத்த முடியாது, வாசனையும் அமுங்கிவிடும். ஒரு பங்கு அப்சிந்துக்கு 3 முதல் 5 பங்கு தண்ணீர். 68 சதவீதத்தில் 30 மில்லிக்கு 90 மில்லி தண்ணீர் விட்டால் 17 சதவீதம், 120 விட்டால் 13.6, 150 விட்டால் 11.3. நான்கு பங்கு தண்ணீரில் ஒயினின் பலத்துக்கு வந்துவிடுகிறது. அப்சிந்தைத் தண்ணீர் விடாமல் 'ஷாட்' அடிப்பவர்கள் 68 சதவீதத்தைத் தொண்டையில் ஊற்றுகிறார்கள். உணவுக்குழாய் புண்ணாகும், வாசனையும் திறக்காது.

தண்ணீர் சேரும்போது நடப்பதை அவசரப்படாமல் பார்க்க வேண்டும், தரம் அங்கே தெரியும். அனீஸ், பெருஞ்சீரகம் இரண்டிலும் உள்ள அனெத்தோல் என்ற வாசனைப்பொருள் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடும்போது அது நுண்துளிகளாகப் பிரிந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பானம் வெண்மையாகக் கலங்கும். இதை 'லூஷ்' என்பார்கள். நல்ல அப்சிந்தில் முதல் சொட்டுகளுக்கு மெல்லிய எண்ணெய்க் கோடுகள் சுழலும். பிறகு கலங்கல் அடியிலிருந்து புகையாகக் கிளம்பி மேலே ஏறும். மேற்பரப்பில் ஒரு தெளிந்த வளையம் கடைசிவரை நிற்கும். முடிந்தபின் உள்ளே பச்சையும் நீலமும் சாயலாக மினுங்கும். ஊற்றியவுடன் சுண்ணாம்பு நீர்போல் தட்டையாக வெளுத்தால், அன்னாசிப்பூ எண்ணெய் தாராளமாகச் சேர்ந்திருக்கும். அதைக் குடித்தால் நாக்கு மரத்துப்போகும். கலங்கவே இல்லையென்றால் அனீஸ் இல்லை என்று பொருள். 1990-களில் செக் நாட்டிலிருந்து பரவிய பல பாட்டில்கள் இப்படித்தான். தண்ணீரைக் கொடகொடவென்று ஊற்றினால் நல்ல அப்சிந்தும் இந்த அழகைக் காட்டாது. பானம் தட்டையாகிவிடும்.

நெருப்பு வைக்கும் பழக்கமும் செக் நாட்டிலிருந்து 1990-களில் வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டு பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அதில் சம்பந்தமில்லை. கலங்காத பானத்துக்கு ஒரு வேடிக்கை தேவைப்பட்டது, அவ்வளவே. கருகிய சர்க்கரை மூலிகை வாசனை முழுவதையும் மூடிவிடும். அதைவிட முக்கியம், 68 சதவீதச் சாராயத்தின் ஆவி சாதாரண அறைச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதன் சுடர் வெளிர்நீலம். விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் கொஞ்சம் ஊற்றும்போது தீ பாட்டில் வாய்க்கு ஏறி, எதிரில் இருப்பவர் மேல் பீய்ச்சும். கிளாஸ் சூட்டில் விரிசல் விட்டு எரியும் சாராயம் மேசையில் ஓடுவதும் உண்டு. தங்கள் கட்டுரையோடு வந்த படம் இதைத்தான் பெருமையாகக் காட்டியது.

பாதுகாப்பாக வைப்பது எளிது. பாட்டிலை இருட்டில், நேராக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கவைத்தால் கடுஞ்சாராயம் தக்கையை அரித்து அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அனெத்தோல் 21 டிகிரியை ஒட்டி உறையும் பொருள். கடுங்குளிரில் பாட்டிலுக்குள்ளேயே படிகமாகப் பிரியலாம். பிரிந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதில்லை, அறைச் சூட்டில் ஒரு நாள் வைத்து மெல்லக் குலுக்கினால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், ஒரு முறையேனும் வலிப்பு வந்தவர்கள், அப்சிந்தைத் தொடவே கூடாது. தூஜோன் அளவு குறைவு என்ற என் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகள் எந்த மதுவையும் குடிக்கக் கூடாது, இதையும்தான். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் கல்லீரல் நோயாளிகளும் விலகி நிற்க வேண்டும். மற்றவர்களுக்கும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வண்டி ஓட்டும் உரிமை எந்தக் கணக்கிலும் வராது.

கடைசியாக, வெர்ம்வுட் எண்ணெய். நறுமண எண்ணெய்க் கடைகளிலும் இணையத்திலும் சின்னக் குப்பிகளில் இது கிடைக்கிறது. பூசுவதற்கும் முகர்வதற்கும் விற்கும் செறிந்த எண்ணெய் இது. அப்சிந்த் அல்ல, அப்சிந்தின் 'ஒரிஜினல்' சாறும் அல்ல. 1997-இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு சம்பவத்தில், 31 வயது அமெரிக்கர் ஒருவர் இணையத்தில் வாங்கிய இந்த எண்ணெயை அப்சிந்த் என்று நினைத்துச் சுமார் 10 மில்லி குடித்தார். வலிப்பு வந்து, தசைகள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அவரைக் குடிக்க வைத்தது 'அப்சிந்தில் மாயம் இருக்கிறது' என்ற செய்திதான். யாராவது இப்படிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. வலிப்பு நடுவில் வந்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குப்பியையும் கூடவே எடுத்துப்போனால் மருத்துவருக்கு எந்த எண்ணெய், எவ்வளவு என்பது தெரியும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், இடம் குறைவு என்று வரலாற்றையும் சுவையையும் வெட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. எண்ணெய் பற்றிய இந்தப் பத்தியை மட்டும் முழுதாகப் போடுங்கள். இணையப் பதிப்பில் இன்னும் இருக்கும் அந்த எரியும் கிளாஸ் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுத் தரப் பரிசோதனைத் துறையைச் சேர்ந்த தங்கள் வாசகர்